அணைக்க மறந்த மைக்

என் அக்கா ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஜன்னல் இல்லாத சின்ன அறை, கழுத்து வளைந்த மைக், பக்கத்தில் ஒரு சிவப்பு சுவிட்ச். தட்டிவிட்டுப் பேச வேண்டும். முடித்ததும் தட்டி அணைக்க வேண்டும். அவள் குரல் கேட்டால் தூங்குகிறவனும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவான். அப்படி ஒரு குரல்.

ஒருநாள் அந்தச் சுவிட்சை அணைக்க மறந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து அத்தானிடமிருந்து போன். "என்னை விட்டுப் போயிடாதீங்க, உங்க கால்ல வேணா விழறேன்" என்று அவள் கதறியது எல்லா பிளாட்ஃபாரத்திலும் கேட்டது. யாரோ ஓடிவந்து கதவைத் தட்டிய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. அந்த மகராசன் போயே போய்விட்டான். அவன் பேச்சை எடுத்தால் என் வாயில் நல்ல வார்த்தை வராது, விடுங்கள்.

அன்றோடு அக்காவின் குரல் போயிற்று. வீட்டிலும் கிசுகிசுப்புதான். தெருமுனைக் கடைக்குக்கூடப் போக மாட்டாள்.

"ஊரே கேட்டுச்சுடி. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வெளிய போவேன்?"

"ஊருக்கு வேற வேலையே இல்லையா?" என்று எரிந்து விழுவேன். ஒன்றும் நடக்கவில்லை. லீவு தீர்ந்துகொண்டே வந்தது. அந்த மைக்கை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு தெரியாது. கடைசியில் நான்தான் தரதரவென்று கவுன்சலிங்குக்கு இழுத்துப்போனேன்.

போன இடத்தில் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். எனக்கு மானம் போயிற்று. அந்த ஆலோசகர் அம்மா தன் நாற்காலியையும் திருப்பி, அவள் பக்கத்திலேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அடேயப்பா, இப்படியும் ஒரு மனுஷியா என்று வெளியே வந்துவிட்டேன்.

பல வாரம் போன பிறகு, மைக்கில் சொன்னதை அப்படியே இங்கே சொல்லுங்கள் என்றாராம். முதலில் வெறும் காற்றுதான் வந்ததாம். அப்புறம் கிசுகிசுப்பு. ஒருநாள் வெளியே பெஞ்சில் இருந்த எனக்கே கேட்டது: "என்னை விட்டுப் போயிடாதீங்க!" உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

வெளியே வந்தவள் முகம் கழுவிவிட்டு, கிசுகிசுக்காமல் சொன்னாள்: "இதையே வேற ஒருத்தி மைக்ல கதறியிருந்தா சிரிச்சிருப்பீங்களான்னு கேட்டாங்கடி. நான் ஏன் சிரிக்கப்போறேன்? ஓடிப்போய்த் தண்ணி குடுத்திருப்பேன்."

அவள் வேலைக்குத் திரும்பிய காலையில், அவளிடம் சொல்லியிருந்தபடியே இரண்டாவது பிளாட்ஃபாரத்தில், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே நின்றேன். குரல் வந்தது. அதே குரல், ஒரு பிசிறு இல்லை. ரயிலின் பெயர், நேரம், பிளாட்ஃபாரம் எல்லாம் சொல்லி முடித்தாள். என் கண்ணில் நீர் தாரை தாரையாகக் கொட்டியது.

ஆனால் சுவிட்ச் அணையும் 'டக்' கேட்கவில்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது. அடிப்பாவி, மறுபடியுமா! நான் அறையை நோக்கி ஓடத் திரும்பினேன்.

"ரெண்டாவது பிளாட்ஃபாரத்துல ஒருத்தி அழுதுக்கிட்டு நிப்பா" என்றது ஒலிபெருக்கி. "என் தங்கச்சிதான். யாராவது அவளுக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

டக்.

பக்கத்தில் நின்ற ஒருவர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.