கிராணி ஆபீஸில் எங்கள் வாஷிங் மிஷின்

மூன்று வருடத்துக்கு எது கெட்டாலும் நாங்கள் பொறுப்பு என்று காப்புத் திட்டத்தோடு விற்ற வாஷிங் மிஷின், ஒரே வருடத்தில் நின்றுவிட்டது. இன்று காலை நானும் அம்மாவும் சிரம்பானுக்குப் போய் கம்பெனி கவுண்டரில் நின்றோம்.

கவுண்டர் பெண் திட்ட அட்டையைப் பார்த்தாள். "ஆண்ட்டி, இது எஸ்டேட் ஆபீஸ் அட்ரஸ் லா. ஆபீஸ்ல யூஸ் பண்ற மிஷினுக்குத் திட்டம் செல்லாது."

"எங்க லயத்து வீட்டுக்கு ஏதும்மா நம்பரு? எல்லாருக்கும் தபாலு ஆபீஸ்ல கணக்கெழுதற கிராணி மேசைக்குத்தான் வரும்" என்றார் அம்மா.

அவள் அசையவில்லை.

அம்மா எங்கே போனாலும் வீட்டுப் பத்திரங்கள் அத்தனையும் கைப்பையில் கூடவே போகும். என் பிறப்புச் சூராட்டை, அதாவது பிறப்புச் சான்றிதழை, எடுத்துக் கவுண்டரில் விரித்தார்.

"இதுலயும் அதே அட்ரஸ்தான். அப்ப இவன ஆபீஸ்லயா பெத்தேன்?"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அந்தப் பெண்ணோ சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். "புதுசே மாத்தித் தர்றோம் ஆண்ட்டி. மத்தியானம் உங்க ரந்தாவ் பக்கம் லாரி போவுது, அதுலயே அனுப்பிடறேன்."

லாரியும் சொன்னபடி வந்தது. அட்டையில் இருந்த அட்ரஸைப் பார்த்து, மிஷினை எஸ்டேட் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டது.

கிராணி தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறார். அம்மா அழுக்குத்துணி மூட்டையோடு ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். தடுக்கத் துணிந்தவர் நம் எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவில் யாராவது உண்டா?