மாவுக்கட்டும் நீல மாத்திரையும்

வீடியோ கேமுக்குக் கதை எழுதுகிறேன் என்று தென்காசியில் சொன்னால், "அதுல கதை வேற இருக்கா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். பெங்களூரில் உள்ள ஒரு சின்ன கம்பெனிக்காக வீட்டிலிருந்தே எழுதுகிறேன். படம் வரைகிறவர்களும் புரோகிராம் எழுதுகிறவர்களும் அங்கே. பாத்திரங்கள் என்ன பேசுவார்கள், ஆடுகிறவர் எதைத் தேர்ந்தெடுத்தால் என்ன நடக்கும் என்பதெல்லாம் என் பாடு.

போன சாரல் காலத்தில் எனக்கு வந்தது ஒரு போதை மாத்திரைக் கதை. மலையடிவாரத்தில் ஓர் ஊர். அங்கே மருந்துக்கடை வைத்திருக்கும் பெண்ணாக நாம் ஆட வேண்டும். வலிக்கென்று வந்த ஒரு நீல மாத்திரைக்கு ஊர் மெல்ல மெல்ல அடிமையாகிறது. கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பதா மறுப்பதா என்பதை ஒவ்வொரு முறையும் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். திரையின் மேல்பக்கம் ஒரு பட்டை இருக்கும். நல்லது செய்தால் பச்சை ஏறும், கெட்டது செய்தால் சிவப்பு. பட்டை எங்கள் முதலாளியின் யோசனை. ஆடுகிறவர்களுக்குத் தாங்கள் நல்லவர்களா கெட்டவர்களா என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி.

எழுதி முடித்து, நானே மாற்றிக்கொள்ளும்படி பெங்களூரில் செய்து அனுப்பிய மாதிரியை யாரையாவது ஆட வைத்துப் பார்க்கலாம் என்று இருந்தபோதுதான் அத்தான் வந்து சேர்ந்தார். அக்காவின் கணவர், சப்-இன்ஸ்பெக்டர். குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்துக்குப் போனவர், வழுக்குகிற படியில் கால் வைக்காதீர்கள் என்று கூட்டத்தை எச்சரித்துக்கொண்டே தானே வழுக்கி விழுந்திருந்தார். கணுக்காலில் மாவுக்கட்டு. அவர்கள் இருந்த வீடு மாடியில். அதனால் அக்கா அவரை தரைத்தளத்தில் இருக்கும் என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டாள். டிவி பார்த்துச் சலித்து, ஜன்னல் வழியே தெருவில் போகிற வண்டிகளில் யாரெல்லாம் ஹெல்மெட் போடவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவரிடம் லேப்டாப்பைக் கொடுத்தேன்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் ஊர் முழுக்க மாத்திரை விற்றிருந்தார். பட்டை சிவப்பில் முட்டிக்கொண்டு நின்றது.

"அத்தான், நீங்க போலீஸு" என்றேன்.

"இங்கன யாரு புடிக்கப் போறா? ஸ்டேஷன் வாசல்ல ஒரு ஏட்டு நிக்காரு. நான் அவருக்கே வித்துட்டேன்."

அதைவிட மோசமான ஒன்றையும் கண்டுபிடித்திருந்தார். கடை வாசலில் ஒரு நாயை வைத்திருந்தேன். அதற்கு பிஸ்கட் போட்டால் பச்சை கொஞ்சம் ஏறும். அத்தான் நாலு பேருக்கு மாத்திரை விற்பார், வெளியே வந்து நாய்க்கு பிஸ்கட் போடுவார், மறுபடி உள்ளே போய் விற்பார். "ரெண்டு பிஸ்கட்ல செஞ்ச பாவமெல்லாம் போயிருதுட்டி. இதுக்கு எதுக்கு காசி, தென்காசி?" என்று கேட்டார்.

அக்காவையும் ஆடச் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வந்தவர்கள் அத்தனை பேருக்கும் இல்லை, இல்லை என்று அழுத்திக்கொண்டே போனாள். நான் ராப்பகலாக யோசித்து எழுதிய கண்ணீர் வசனங்களில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. "பச்சை நெறஞ்சுட்டுல்லா? சாரல் விழுது, நான் போயி துணிய எடுக்கேன்" என்று எழுந்து போய்விட்டாள்.

ஒருவர் எல்லாவற்றையும் விற்றார், ஒருத்தி எதையும் விற்கவில்லை. இரண்டு பேரும் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. அவர்கள் பார்த்தது மனிதர்களை அல்ல, பட்டையை.

அத்தானிடம், நிஜத்தில் இந்த வியாபாரம் செய்கிறவர்கள் எப்படி இருப்பார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். அவர் வெகுநேரம் யோசித்து, எல்லாரும் சாதாரணமாகத்தான் இருப்பார்கள் என்றார். அதை வைத்து நான் என்ன எழுத?

எழுதுவதற்கு வேண்டியது அந்த வாரக் கடைசியில் அடுத்த அறையிலிருந்து தானாக வந்தது. அத்தானுக்கு டாக்டர் வீரியமான வலி மாத்திரை கொடுத்திருந்தார். குறித்த நாட்களுக்கு மேல் போடக்கூடாது என்று சொல்லித்தான் கொடுத்தார். நாள் முடிந்ததும் மிச்சம் இருந்த அட்டையை அக்கா எடுத்து ஒளித்துவிட்டாள். அன்று மத்தியானம் சாப்பிட்டு முடித்த அத்தான், புளிக்குழம்பு தன் அம்மா வைத்த மாதிரியே இருந்தது என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அடுத்து, கீழப்பாவூரில் இருக்கும் எங்கள் அம்மாவுக்கு முட்டுவலி தேவலையா என்று விசாரித்தார். அக்கா தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு தா. வலிக்கு இல்ல. வலி வந்துரக்கூடாதேன்னுதான்."

"டாக்டர் சொன்னது நேத்தோட முடிஞ்சுது."

"டாக்டருக்கா கால் ஒடிஞ்சிருக்கு?"

நான் சத்தமில்லாமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மூன்று நாள் இது நடந்தது. குழம்புக்கு அடுத்து அக்காவின் சேலை, பிறகு அவள் பாடம் நடத்தும் அழகு என்று புகழ்ச்சி வளர்ந்தது. ஒருநாள் அக்கா பள்ளிக்கூடம் போயிருந்தபோது, மாத்திரை எங்கே இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியவே தெரியாதா என்று கேட்டேன். அரிசி வாளிக்குள் இருப்பது முதல் நாளே தெரியும் என்றார். பிறகு எதற்கு இந்தக் கெஞ்சல் என்றேன்.

"கேட்டு வாங்கித் தின்னா அது மருந்து. நானா எடுத்துத் தின்னா அது வேற."

இதைச் சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். நான் அன்றைக்கே பட்டையை எடுத்துவிட்டேன். நாயை வெறும் நாயாக விட்டேன். மாத்திரை கேட்டு வந்த கூட்டத்தையெல்லாம் குறைத்து ஒரே ஆளை முக்கியமாக்கினேன். தென்னை மரம் ஏறி விழுந்தவர். கதையில் அவருக்கு மரமேறி என்றே பெயர். அத்தானின் காலை அவருக்குத் தோளாக மாற்றினேன். குழம்புக்குப் பதில், கடையை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள் என்று புகழ வைத்தேன். மற்றபடி எதையும் மாற்றவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தானை மறுபடி ஆட வைத்தேன். பட்டையைக் காணோமே என்று முதலில் தேடினார். அந்த மரமேறி வந்து கடையைப் புகழ்ந்து, கடைக்காரப் பெண்ணின் அம்மாவை விசாரித்து, "வலிக்கு இல்லம்மா, வலி வந்துரக்கூடாதேன்னுதான்" என்றதும் அத்தான் பக்கத்தில் இருந்த அக்காவிடம், இவன் எப்படி நடிக்கிறான் பார் என்று காட்டினார். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அத்தானுக்கு இன்னும் பிடிபடவில்லை.

இரண்டு முறை விரட்டினார். மூன்றாம் முறை மரமேறி ஒன்றும் கேட்கவில்லை. மழைக்கு ஒதுங்குவதாகச் சொல்லிவிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார். அத்தான் பொத்தானுக்கு மேல் விரலை வைத்தபடி இருந்தார். பிறகு ஒரு மாத்திரை கொடுத்தார். கொடுத்துவிட்டு, பாவம், நல்ல மனுஷன் என்று எங்களிடம் சமாதானம் சொன்னார்.

அடுத்த காட்சியில், கடை திறக்கும் முன்பே மரமேறி படியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவை விசாரிக்கவில்லை. கடையைப் புகழவில்லை. கையை மட்டும் நீட்டினார்.

அத்தானின் முகம் மாறிவிட்டது. "நேத்து வர எவ்வளவு நல்லா பேசுனான். இன்னைக்கு கைய நீட்டுதான் பாரேன்" என்றார். கொடுத்ததற்கு முன்னால் இருந்த இடத்துக்குத் திரும்பிப் போக முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். என்ன கேம் இது என்று லேப்டாப்பை மூடிவிட்டு, ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். காப்பி வந்தபோதுதான் அக்காவை ஏறிட்டுப் பார்த்தார்.

"அது நானா?"

"தோளுன்னுல்லா போட்டிருக்கா" என்றாள் அக்கா.

கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். ஆனால் அவர், மரமேறிக்குக் கடைசியில் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டார். இன்னும் எழுதவில்லை என்றேன். நல்லபடியாக எழுது என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் குழம்பைப் புகழவில்லை.

முதலாளிக்கு அனுப்பியபோது எதிர்பார்த்த கேள்விதான் வந்தது. பட்டை இல்லாவிட்டால், தான் நல்லவனா இல்லையா என்று ஆடுகிறவருக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான் சார் என்றேன். அவர் சமாதானமாகவில்லை. நீங்களே ஒரு தடவை ஆடிப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மறுநாள் அவரே கூப்பிட்டார். மரமேறிக்குக் கொடுத்துவிட்டாராம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றார். இந்தக் கேமில் மட்டும் பட்டை வேண்டாம், கம்பெனியின் மற்ற கேம்களில் இருக்கட்டும் என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்.

மாவுக்கட்டைப் பிரித்த கொஞ்ச நாளில் அத்தான் டூட்டிக்குத் திரும்பினார். மெடிக்கல் லீவில் என்ன செய்தீர்கள் என்று ஸ்டேஷனில் கேட்டதற்கு, மருந்துக்கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்தேன் என்று சொல்லிவைத்திருக்கிறார். அந்த வாரமே ஒரு ஏட்டையா அக்காவுக்கு போன் செய்து, தன் மகள் பி.பார்ம் முடித்திருக்கிறாள், உங்கள் கடையில் ஏதாவது வேலை இருக்குமா என்று விசாரித்தார்.