எந்தப் பக்கம் முதல் பக்கம்?

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் என்ற டச்சுக்காரர்களின் கொடி பறந்த காலம். ஏரிக்குள் இறங்கி, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறவர்களில் முனியம்மாளும் ஒருத்தி. பிடித்த இறாலைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்தபடியே காலை முழுக்க நகர்வாள். எதற்கும் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் கரையில் நிற்கும் கேசவனைக் கண்டால் மட்டும் அவளுக்கு வயிறு எரியும்.

கேசவன் துறைக் குத்தகைக்காரரின் ஆள். குத்தகைப் பங்காக ஒவ்வொரு பறியிலிருந்தும் ஒரு கை இறால் எடுப்பது வழக்கம். அவன் மூன்று கை அள்ளுவான். யாராவது வாயைத் திறந்தால் தோளில் கை வைத்து ஒரே தள்ளு. முனியம்மாள் இரண்டு முறை சேற்றில் மல்லாந்து விழுந்திருக்கிறாள்.

கோட்டைக் குசினிக்கு இறால் கொடுப்பது அவள்தான். ஒருநாள் அவள் போனபோது, சமையல்காரன் ஜான் கப்பலில் வந்த பீங்கான் தட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான். தட்டுகள் உடையாமலிருக்க நடுவில் வைக்கோலும் பழைய காகிதமும் திணித்திருந்தார்கள். பெட்டியின் அடியில் கிழிபடாத புத்தகம் ஒன்று கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் ஓர் ஆள் படம். உச்சிக்கொண்டைக்காரன். ஒன்றில் ஒற்றைக் காலில் நின்றான், இன்னொன்றில் காற்றைத் தள்ளினான்.

"இது இன்னாண்ணே, கூத்தாடியா?"

"கூத்தாடி இல்லம்மா. பத்தாவித் துறைமுகத்துல நான் கண்ணால பாத்தேன். சீனக்காரக் கிழவன், இத்தினியூண்டு ஆளு. மாலுமி ஒருத்தன் அவனைப் புடிச்சுத் தள்ளினான். கிழவன் லேசா இடுப்பைத் திருப்பினான், அவ்ளோதான். மாலுமி போய் மீன் கூடைமேல வுழுந்தான். இந்த மாதிரி புஸ்தகத்துலதான் அதையெல்லாம் எழுதி வைப்பாங்கன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"யாரோ சொன்னாங்க. வேணும்னா எடுத்துனு போ, அடுப்புக்குத்தான் போவப்போவுது."

முனியம்மாள் புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாள். மறுநாளே குப்பத்துக்குப் பின்னால் இருந்த மணல் திட்டில் படங்களைப் பார்த்துச் செய்யத் தொடங்கினாள். தொடங்கிய இடத்திலேயே குழப்பம். படத்தில் இருப்பவன் அவளைப் பார்த்து நிற்கிறான். அவன் வலது கை தனக்கு வலது கையா, இடது கையா? ஒரு படத்தில் கையைத் தூக்கி நிற்கிறான். அடுத்த படத்தில் முதுகைக் காட்டி உட்காரப் போகிறான். நடுவில் என்ன செய்தான்? குதித்தானா? யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டார்களா? பக்கத்தில் நெடுகப் பூச்சி ஊர்ந்ததுபோல் எழுத்து. அது சொல்லியிருக்கும். அவளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது.

புருஷன் கருப்பன் நண்டுகளுக்குக் கால் கட்டிக்கொண்டே, அவள் ஒற்றைக் காலில் நிற்பதைப் பார்த்தான்.

"கொக்குக்கு இன்னாத்துக்குடி புஸ்தகம்?" என்றான்.

பக்கத்துக் குடிசை முத்தம்மாள் சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கையை மெல்ல மெல்ல ஆட்டுகிற முனியம்மாளைக் கண்டதும், வேப்பிலையும் மஞ்சள் தண்ணியுமாக ஓடிவந்து தலையில் ஊற்றிவிட்டாள். "யாரும்மா நீ, எந்தூரு?" என்று பயபக்தியோடு கேட்டாள். "நாந்தான்டி, முனி" என்று சொல்லி நம்பவைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

ஒரு மழைக்காலம் போய் அடுத்த மழையும் வந்தது. முப்பத்தாறு படமும் அவளுக்கு மனப்பாடம். அப்போதுதான் துணி ஏற்ற வந்த கப்பலில் சீனக்காரர்கள் இரண்டு பேர் இருப்பதாக ஜான் ஆளிடம் சொல்லி அனுப்பினான். ஒருவன் தச்சன், மற்றவன் மாலுமி. குசினி முற்றத்தில் முனியம்மாள் செய்து காட்டினாள். இருவரும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். தச்சன் புத்தகத்தை வாங்கி, மறுபுறம் திருப்பி, கடைசிப் பக்கத்தைத் திறந்து விரலை வைத்தான். ஜான் பறங்கிப் பாஷையில் கேட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அவங்க புஸ்தகம் அந்தப் பக்கம்தான் தொடங்குமாம். நீ முடிவுலேர்ந்து ஆரம்பத்துக்கு வந்திருக்கே."

முனியம்மாள் விடவில்லை. "சரிண்ணே. திருப்பிச் செஞ்சா ஆளைத் தள்ளலாமான்னு கேளு."

தச்சன் வயிற்றைத் தடவிக் காட்டினான். சாப்பிட்டது செரிப்பதற்காம். மாலுமி அவன் கையைத் தட்டிவிட்டு, அதே படத்தைக் காட்டி அவனையே பிடித்து முறுக்கினான். சண்டைக்காம். இருவரும் கத்தத் தொடங்கினார்கள். "இன்னா சொல்றாங்கண்ணே?" என்று இவள் கேட்கக் கேட்க, "வுடும்மா, இவங்களுக்கே தெரியல" என்றான் ஜான். புத்தகத்தை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் வீட்டுக்கு நடந்தாள்.

நாலு நாள் கழித்துக் கேசவன் அவள் பறியில் மூன்றாவது முறை கையை விட்டான்.

"போதும் வுடு" என்றாள்.

அவன் தோளில் கைவைத்துத் தள்ளினான். அவள் இடுப்பு தானாகத் திரும்பியது. முன்பக்கமாகத் திரும்பியதா, பின்பக்கமாகவா, அவளுக்கே தெரியாது. கேசவன் அவளைத் தாண்டிப் போய்ச் சேற்றில் குப்புற விழுந்தான். துறை முழுக்கச் சிரிப்பு. அவள் மட்டும் சிரிக்கவில்லை. புத்தகம் தள்ளியதா, சேறு வழுக்கியதா என்று தன் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து கேசவன் அவள் பறியைத் தொடுவதில்லை. அந்தக் குறையையும் சேர்த்து மற்றவர்கள் பறியில் அள்ளினான். முத்தம்மாள் வந்து சண்டை பிடித்தாள்.

"நீ தப்பிச்சுக்கினே. எங்க வயித்துல இல்ல அடிக்கிறான்!"

முனியம்மாளுக்குத் தூக்கம் கெட்டது. நல்லது செய்தோமா, கெட்டது செய்தோமா? கடைசியில் முத்தம்மாளைக் கையைப் பிடித்து மணல் திட்டுக்கு இழுத்துப் போனாள். பின்னாலேயே இன்னும் ஆறு பெண்கள் வந்தார்கள். எந்தப் பக்கத்திலிருந்து சொல்லிக்கொடுப்பது என்று தெரியாததால், ஒரு நாள் முன்னாலிருந்தும் மறு நாள் பின்னாலிருந்தும் செய்தார்கள்.

ஒரு மாதம் போனது. மணல் திட்டு வழியாக வந்த கேசவன், எட்டுப் பெண்கள் சத்தமில்லாமல் ஒரே மாதிரி கையைத் தூக்கி, ஒரே மாதிரி திரும்புவதைக் கண்டு நின்றுவிட்டான். ஒருத்திகூட அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் துறையில் பறிக்கு ஒரு கை இறால் மட்டும் எடுத்தான். அதற்குப் பிறகும் அப்படித்தான்.

"பயந்துட்டானா?" என்றாள் முத்தம்மாள்.

"நமக்குச் சாமி வந்துடுச்சுன்னு நெனச்சிருப்பான்" என்றாள் முனியம்மாள். அதுவும் சரியா என்று அவளுக்குத் தெரியவில்லை. பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.