சின்னவளைப் பற்றி நான் எழுதிய ஐந்து வரிகள்

பழுப்புக் காகித அட்டை போட்ட நீள நோட்டு அது. ஆசிரியர் பயிற்சி விடுதியில் எனக்கு ஒரு வருஷம் மூத்தவள், படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்புகிற அன்று பெட்டியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தாள். "இத பத்திரமா வச்சுக்கடி. எல்லா ரெக்கார்டும் இதுல இருக்கு. பேர மட்டும் மாத்திக்க, போதும்" என்றாள். அவளும் அவளுக்கு மூத்தவளின் நோட்டைப் பார்த்து எழுதியவள்தான். விடுதியில் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை. ஏதோ புதையல் கிடைத்தவள் மாதிரி தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்குப் பத்தொன்பது வயது. அப்பாவுக்குச் சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் பெண் நான் என்பதால் ஊரில் எல்லோரும் அப்போதே என்னை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். கற்பித்தல் பயிற்சிக்கு என்னைச் செல்லூரில் ஒரு தொடக்கப் பள்ளிக்கு அனுப்பினார்கள். நாற்பது நாள், ஒன்றாம் வகுப்பு. பள்ளிக்கு மூன்று பக்கமும் விசைத்தறி. காலையில் மணி அடிப்பதற்கு முன்பே தறிச் சத்தம் தொடங்கிவிடும். முதல் இரண்டு நாள் தலைவலியில் செத்தேன். மூன்றாம் நாளிலிருந்து காதில் விழவில்லை.

பயிற்சிக்காக நாங்கள் எழுதித் தர வேண்டிய ரெக்கார்டுகளிலேயே பெரிய தலைவலி 'தனியாள் ஆய்வு'. மெல்லக் கற்கும் ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து, நாற்பது நாளும் கவனித்து, வீட்டுக்கு இரண்டு முறையாவது போய்ப் பெற்றோரிடம் பேசி, அது ஏன் பின்தங்கியிருக்கிறது என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். நான் ஒரே நிமிஷத்தில் தேர்ந்தெடுத்தேன். கடைசி வரிசையில் சுவரோரம் ஒரு பெண் குழந்தை. கூப்பிட்டால் திரும்பாது. கேள்வி கேட்டால் பக்கத்துப் பிள்ளையின் வாயைப் பார்க்கும், பிறகு சிரிக்கும். அவளுடைய அக்கா அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. அதனால் பள்ளியில் ஒருத்தி பெரியவள், ஒருத்தி சின்னவள். வகுப்பு ஆசிரியையிடம் கேட்டேன். "அதுவா? அது மந்தம்மா. வீட்ல சௌராஷ்டிரம் பேசுறாங்க, அதான் நாம சொல்றது ஏறல" என்றார். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள்தான். சின்னவளைத் தவிர அவர்கள் எல்லோரும் தமிழில் என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது உறைக்கவே இல்லை.

விடுதியில் மூத்தவள் கொடுத்த பழுப்பு நோட்டைத் திறந்தேன். பெயரை மாற்றினேன். 'இக்குழந்தையின் வீட்டிற்கு இருமுறை நேரில் சென்று பார்த்தேன். தந்தை குடிப்பழக்கம் உள்ளவர். தாய் குழந்தையின் மீது அக்கறையற்றவர். வீட்டில் அடிக்கடி சண்டை நிகழ்கிறது. இதுவே இக்குழந்தையின் பின்னடைவிற்குக் காரணம்.' ஐந்து வரி. ஓரத்தில் சிவப்பு மையில் பார்டர் வேறு போட்டேன். எங்கள் செட்டில் முப்பது பேர் எழுதிய ரெக்கார்டிலும் முப்பது குடிகார அப்பாக்கள் இருந்தார்கள். மதுரையில் இத்தனை பேரா என்று எந்த விரிவுரையாளரும் கேட்கவில்லை. பயிற்சி நிறுவனத்திலிருந்து மேடம் வந்தார், புரட்டினார், 'நன்று' என்று கையெழுத்துப் போட்டார். வகுப்பு ஆசிரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "குடிகாரன் வீட்டுப் புள்ளயா? அதான பாத்தேன்" என்றார். அன்றிலிருந்து சின்னவளிடம் கேள்வி கேட்பதைக்கூட விட்டுவிட்டார்.

தலைமையாசிரியை அறைக்கு முத்திரை வாங்க ரெக்கார்டுகளை எடுத்துக்கொண்டு போக ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையை அனுப்பச் சொன்னேன். பெரியவள் வந்தாள். நன்றாக வாசிக்கிற பிள்ளை. மேலே இருந்த நோட்டில் தங்கை பெயரைப் பார்த்தால் திறக்காமல் இருப்பாளா?

மறுநாள் காலை அவர்களுடைய அம்மா வந்தார். கூந்தலில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் என்னை நிறுத்தி, பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் கேட்ட முதல் கேள்வியே என்னைக் கொன்றுவிட்டது.

"டீச்சர், நீங்க எங்க வீட்டுக்கு என்னைக்கு வந்தீங்க?"

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்கள்.

"சண்ட போட வரல டீச்சர், என் குரலே இப்படித்தான். அவங்க அப்பா வெத்தல பாக்குகூடப் போட மாட்டாரு. அவரப் போயி குடிகாரருன்னு எழுதியிருக்கீங்களாம். நான் எதையும் மனசுல வச்சுக்கல. ஆனா பெரியவ நேத்து சாயங்காலத்துலருந்து அவரு மொகத்தப் பாக்க மாட்டேங்குறா. அப்பா நமக்குத் தெரியாம குடிக்கிறாராம்மான்னு கேக்குறா. இல்லடின்னா, டீச்சர் எழுதுனது பொய்யா இருக்குமாங்குறா. நான் என்னத்தச் சொல்ல?" முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அத அடிச்சிருங்க டீச்சர். அம்புட்டுத்தான் நான் கேக்குறது. இப்ப ஒரு எட்டு வந்து எங்க வீட்டப் பாத்துட்டு அடிச்சிருங்க."

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனேன். இரண்டு தெரு தாண்டி வீடு. முன்னறையில் இரண்டு தறி, பின்னால் அடுப்பு. தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் ஒருவரும் பேசவில்லை, எல்லோரும் கத்தினார்கள். உப்பு எங்கே என்று கேட்பதற்கும் கத்தல், குழந்தையைக் கொஞ்சுவதற்கும் கத்தல். சின்னவளின் அப்பா தறியை விட்டு நகராமல் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். மெலிந்த மனிதர், வெள்ளைப் பல். அம்மா, "டீச்சர் வந்திருக்காங்க, பாட்டுச் சொல்லு" என்று சின்னவளிடம் கத்தினார். அவள் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்த பாட்டு முழுசும், பிறகு நூறு வரைக்கும் எண்களும். வகுப்பில் மற்ற பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து கூச்சல் போட்டபோதெல்லாம் கேட்டு மனசில் வாங்கியிருக்கிறாள். நான் மெதுவாகப் பெயரைச் சொன்னேன், திரும்பவில்லை. கத்தினேன், ஓடி வந்தாள்.

"அக்கா, இவளுக்குக் காது சரியாக் கேக்கல" என்று அவர் காதருகில் போய்ச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "எங்க வீட்ல எல்லாருக்குமே அம்புட்டுத்தான் கேக்கும் டீச்சர்." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். சரி என்றார்.

பள்ளிக்கு ஓடிவந்து வகுப்பு ஆசிரியையிடம் சொன்னேன். "சின்னவளுக்குக் காது கேக்கல டீச்சர், மந்தம் இல்ல. முன்வரிசைல வச்சா நல்லாப் படிப்பா."

அவர் இட்லி டப்பாவை மூடிக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு தடவ நேர்ல போயிப் பாத்தேன்னு நீதான எழுதியிருக்க? அப்ப கேட்ட காது இப்ப கேக்கலையா? எதும்மா நெசம்?"

நிஜத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். சொன்னால் மேடம் போட்ட கையெழுத்துக்கு விளக்கம் கேட்பார்கள், பழுப்பு நோட்டு வெளியே வரும், முப்பது பேரும் மாட்டுவார்கள், அத்தனை பேர் வாயிலும் நான் விழுவேன். செய்முறைத் தேர்வுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. ஒரு வருஷம் வீணாய்ப் போனால் அப்பா என்னைக் கட்டிக்கொடுத்துவிடுவார். இப்படி எத்தனை காரணம் சொன்னாலும் பயம்தான், வேறொன்றுமில்லை. "அதுவும் இருக்கு டீச்சர், இதுவும் இருக்கு" என்றேன். வெட்கக்கேடு. "அப்ப சரி" என்று அவர் கை கழுவப் போய்விட்டார்.

மீதி நாட்களில் சின்னவளை என் காலடியில் உட்காரவைத்துத் தொண்டை கிழியக் கத்திப் பாடம் நடத்தினேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். நான் போனபிறகு அவளை எங்கே உட்காரவைத்தார்கள், ஆஸ்பத்திரிக்குப் போனார்களா, எனக்குத் தெரியாது. வேலைக்கு வந்தபிறகு வில்லாபுரத்தில் குடியிருந்த வருஷங்களில் செல்லூர் பஸ்ஸில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்த நிறுத்தத்தில் இறங்கியதில்லை.

இப்போது என் வகுப்புக்கும் பயிற்சிக்குப் பிள்ளைகள் வருகிறார்கள். கம்ப்யூட்டரில் அடித்த ரெக்கார்டு, கலர் படம், எல்லாம் ஜோராக இருக்கிறது. 'தந்தை குடிப்பழக்கம் உள்ளவர்' மட்டும் அப்படியே இருக்கிறது. "எந்தத் தெருடி அவன் வீடு? கதவு என்ன கலரு?" என்று கேட்பேன். முழிப்பார்கள். கையெழுத்துப் போடாமல் துரத்திவிடுவேன். எனக்குச் சிடுமூஞ்சி என்று பட்டப்பெயர் வைத்திருப்பது தெரியும். வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அவர்களிடம் நான் எழுதியதை ஒரு நாளும் சொன்னதில்லை. திட்டுவது சுலபமாக இருக்கிறது, அதைச் சொல்வதுதான் முடியவில்லை.

பயிற்சியின் கடைசி நாள் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் அந்த அம்மா பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என் ரெக்கார்டு, அந்த ஐந்து வரியும் அடிபடாமல் அப்படியே, முந்தின நாளே கட்டுக் கட்டி, அரக்கு வைத்து, நிறுவனத்துக்குப் போய்விட்டது.

"அத அடிச்சிட்டீங்களா டீச்சர்?"

நான் அந்த அம்மாவைப் பார்க்கவில்லை. பெரியவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிச்சிட்டேன்கா. தப்பா எழுதிட்டேன். உங்கப்பா குடிக்க மாட்டாரும்மா" என்றேன்.

"பாத்தியாடி, டீச்சரே சொல்லிட்டாங்க" என்றார் அம்மா.

எதிர்ச்சாரியில் அவள் அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வரத் தயங்கி நின்றிருந்தார். பெரியவள் கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் ஒன்றும் புரியாமல் அவள் தலையைத் தடவினார். பிறகு சைக்கிளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, அங்கிருந்தபடியே என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். நானும் கும்பிட்டேன்.