வீட்டைக் காவிக்கொண்டு ஒரு பயணம்

அடுப்பும் கட்டிலும் உள்ள கேம்பர்வானில் ஊர் சுற்றுவதை ஓய்வு என்று நினைப்பவர்கள், அதற்கான ஆயத்தத்தை ஒருநாளும் செய்து பார்க்காதவர்கள். எங்கள் வீட்டில் அந்த ஆயத்தம் ஒரு குளிர்காலம் முழுவதையும் தின்றது. அப்போது எனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு நான்கு. நியூசிலாந்தில், பிளாக்ஹவுஸ் பேயில் மேட்டில் ஏறும் ஒரு தெருவில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா விடியுமுன் எழுந்து பேக்கரியிலிருந்து பாண் விநியோகிக்கும் ட்ரக் ஓட்டினார். அம்மா முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்தார். எழும்ப முடியாதவர்களைத் தூக்கி, திருப்பி, குளிப்பாட்டிவிட்டு வந்து கதிரையில் இருந்தால், சப்பாத்தைக் கழற்றவே அவருக்குக் கொஞ்ச நேரம் தேவைப்படும்.

ஆசை என்னுடையதுதான். என் வகுப்பில் எல்லோரும் எங்கேயாவது போய் வந்திருந்தார்கள். பனிமலை, ஏரி, கூடாரம், தீயில் சுட்ட மார்ஷ்மெல்லோ என்று ஒவ்வொரு விடுமுறைக்குப் பிறகும் கதைகள் வரும். விடுமுறையில் என்ன செய்தாய் என்று எழுதச் சொன்னால், நான் மனுகாவ் மோலுக்குக் கடை பார்க்கப் போனதை எழுதுவேன். அடுத்த முறையும் அதையே எழுதுவேன். ஆசிரியை பாவம், இரண்டு முறையும் நன்று என்றே போட்டார்.

ஆசை என்னுடையது என்றாலும், திட்டம் சித்தப்பாவினுடையது. அப்பாவின் தம்பியான அவர் ஹென்டர்சனில் இருந்தார். எந்தக் காரியத்தையும் கையில் எடுத்தால் அது கூட்டமாகிவிடும். ஞாயிறு தோறும் சித்தியோடு எங்கள் வீட்டுக்கு வந்து, மேசையில் வரைபடத்தை விரித்து, மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொள்வார். கூடாரத்தில் ஓர் இரவுகூடப் படுத்தறியாதவர், முகாம் வாழ்க்கையைப் பற்றி யாருக்கும் வகுப்பெடுக்கத் தயாராக இருந்தார். முதலில் டோங்காரிரோ தேசியப் பூங்கா மட்டும் என்றுதான் பேச்சு தொடங்கியது. அடுத்த ஞாயிறு கப்பலேறித் தெற்குத் தீவுக்குப் போனோம். பிறகு ஏபல் டாஸ்மன் சேர்ந்தது, பிறகு மவுண்ட் குக், கடைசியில் மில்ஃபோர்ட் சவுண்டையும் பார்க்காமல் திரும்பினால் சனம் சிரிக்கும் என்றானது. எல்லாம் மேசையில்தான். இடையில் ஒருமுறை அப்பா வரைபடத்தின் மேலேயே தலை சாய்த்து நித்திரையாகிவிட்டார். சித்தப்பா அவருடைய முழங்கையை மெல்ல நகர்த்தி, அடியிலிருந்த பாதையைப் பென்சிலால் தொடர்ந்தார்.

இத்தனைக்கும் சித்தப்பா வரப்போவதில்லை. அவருக்கு லீவு கிடைக்கவில்லை.

அம்மாவுக்கு மட்டும் இது தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. மோட்டலில் தங்கலாமே என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். “அண்ணி, மோட்டலில என்ன இருக்கு? இதில அடுப்பு, கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாம் கூட வரும். வீடே உங்களோட வருகுது!” என்றார் சித்தப்பா.

“வீட்டை விட்டிட்டுப் போறதுதானே ஹொலிடே? வீட்டையும் காவிக்கொண்டு போறதோ?” என்றார் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்காமல் தேநீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து வாசலில் நின்றபடி, “நீங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போட்டு வாங்கோ. நான் வரேல்லை. எனக்கு லீவுக்குப் படுத்தெழும்பினால் போதும்,” என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

அப்பா வரைபடத்தை மடிக்கத் தொடங்கினார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா இல்லாமல் போக எனக்கு மனமில்லை, போகாமல் இருக்கவும் மனமில்லை. எங்கள் வீட்டில் பெரியவர்கள் தமிழில் கேட்பார்கள், நான் ஆங்கிலத்தில் பதில் சொல்வேன். அன்று மட்டும் அழுகைக்கு நடுவே தமிழில், “அம்மாவும் வாங்கோ, ப்ளீஸ்,” என்றேன். அம்மா வந்து என் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு, சரி, வருகிறேன் என்றார். என் தமிழ்தான் அவரை வென்றுவிட்டது என்று பல வருடங்கள் நம்பிக்கொண்டிருந்தேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் அப்பா விமான நிலையத்துப் பக்கமிருந்து வாடகைக் கேம்பர்வானை எடுத்து வந்தார். வெள்ளை நிறத்தில், எங்கள் வீட்டு முன் ட்ரைவ்வேயை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. நானும் தம்பியும் அதற்குள் ஏறி இறங்கி ஒவ்வொரு அலுமாரியையும் திறந்து பார்த்தோம். முதல் பிரச்சினையை அம்மா உடனே கண்டுபிடித்தார். அடுப்புக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், கக்கூஸ். சமைக்கிற இடத்தில் கக்கூசா? சாமிப் படத்தை எங்கே வைப்பது? வான்காரர்கள் இதையெல்லாம் யோசித்திருக்கவில்லை. பேச்சுவார்த்தை நீண்டு, கடைசியில் பிள்ளையார் ஓட்டுநருக்கு மேலிருந்த தட்டுக்குக் குடிபோனார். கக்கூசை ஒருவரும் பாவிப்பதில்லை, பாதையோரப் பொதுக் கழிப்பிடங்களே போதும் என்று முடிவானது. அது துப்புரவாகக் கழுவப்பட்டு அரிசி மூட்டையும் வெங்காயமும் வைக்கும் அறையானது. இந்த நாட்டில் அப்படியொரு களஞ்சியத்தோடு ஓடிய ஒரே வான் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

பிறகு அம்மா சாமான் அடுக்கத் தொடங்கினார். வேலைக்குப் போய் வந்த களைப்பு அப்போது அவரிடம் இல்லை. யாரிடமும் எதையும் கேட்கவுமில்லை. பாரமானவை அடியில், முதலில் தேவைப்படுபவை கதவுப் பக்கம். உப்பும் நெருப்புப்பெட்டியும் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டப்பட்டன. மெழுகுதிரி, கயிறு, பனடோல் மாத்திரை, பழைய சீலை ஒன்று. இருந்த போத்தல்கள் எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பினார். வானில் தண்ணீர்த் தாங்கி இருக்கிறது என்று அப்பா சொன்னதைக் காதில் வாங்கவில்லை. எங்கள் பாஸ்போட், பிறப்புச் சான்றிதழ், எங்களுக்குத் தடுப்பூசி போட்ட அட்டை எல்லாம் ஒரு துணிப்பையில் போய், அந்தப் பை அம்மாவின் தோளில் தொங்கியது. எனக்கும் தம்பிக்கும் தனித்தனியாக ஒரு முதுகுப்பை. என்னுடையதைத் திறந்து பார்த்தேன். மாற்று உடுப்பு, பிஸ்கட், தண்ணீர், பெயரும் அப்பாவின் தொலைபேசி இலக்கமும் எழுதிய ஒரு துண்டு. நிறப் பென்சில்களுக்கு இடமில்லை. அந்தத் துண்டை வெளியே எடுத்து வைத்தேன். அம்மா அதைத் திரும்ப உள்ளே வைத்து, “இது இருக்கட்டும்,” என்றார்.

மாலையில் வந்த சித்தப்பா அலுமாரிகளைத் திறந்து பார்த்து அசந்துபோனார். “அண்ணி, நீங்கள் இந்தக் கொம்பனிக்காரருக்கே கிளாஸ் எடுக்கலாம். எங்க பழகினீங்கள்?”

“உதெல்லாம் பழக்கம்தான்,” என்றார் அம்மா.

அப்பா குனிந்து டயரைப் பார்த்தார். பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

அடுத்த நாள் சனிக்கிழமை. காலை ஒன்பதுக்கு ராகு காலம் தொடங்குகிறது, அதற்குள் வான் அசைந்துவிட வேண்டும் என்பது சித்தியின் கட்டளை. அவர் பார்த்தது கொழும்பில் அச்சான கலண்டர். அங்கே ஒன்பது மணி என்றால் இங்கே மத்தியானம் தாண்டிவிடும் என்று அப்பா வாதாடினார். “ராகுவுக்கு இஞ்ச ஆர் விசா குடுத்தது?” என்றும் கேட்டுப் பார்த்தார். எந்த நாட்டு மணியானாலும் ஒன்பது ஒன்பதுதான் என்று சித்தி சொல்லிவிட்டார். வந்து இத்தனை வருடத்தில் எங்கள் ராகு நியூசிலாந்து நேரத்துக்குப் பழகியிருந்தார், எங்களால்தான் முடியவில்லை.

ஆகவே எட்டரைக்கே வாசலில் எல்லாம் தயார். நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அப்பா தேங்காயைக் கையில் பிடித்தபடி எங்கே உடைப்பது என்று கொங்கிரீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு வெள்ளைக்கார மனிதர் நாய்க்குட்டியோடு வந்து நின்று வேடிக்கை பார்த்தார். நான் வானின் படியில் உட்கார்ந்திருந்தேன். தம்பி வீட்டுக்குள் டிவிக்கு முன்னால். அம்மா குசினியில் கடைசிப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஒன்பதை நெருங்கியது. சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஏறி, “அண்ணி! வெளிக்கிடுங்கோ, நேரம் போகுது!” என்று கத்திவிட்டு, ஹோர்னை அழுத்தினார். கையை எடுக்காமல் நீளமாக அழுத்தினார். தெரு முழுக்கக் கேட்டது. எனக்கு அது பெரிய குதூகலமாக இருந்தது.

அம்மா ஓடி வந்தார்.

அவர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வெறுங்கால். ஈரக் கைகள். இடுப்பில் தம்பி, தோளில் அந்தத் துணிப்பை. பின்னால் வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது, குசினிக் குழாய் ஓடும் சத்தம் வாசல்வரை கேட்டது. தம்பியை வானுக்குள் போட்டார். என் கையைப் பிடித்து இழுத்து உள்ளே ஏற்றினார். தானும் ஏறி, கதவை அடித்துச் சாத்தி, “எடுங்கோ, எடுங்கோ!” என்றார்.

எடுக்க வேண்டிய அப்பா தேங்காயோடு வெளியே நின்றார்.

ஒரு கணம் எல்லோரும் பார்த்தோம். பிறகு சித்தப்பா வெடித்துச் சிரித்தார். “பாத்தியளே, வரமாட்டன் எண்ட அண்ணிக்குத்தான் எல்லாரையும் விட அவசரம்!” சித்தி சிரித்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். எதிர்வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமலே சிரித்துக் கையசைத்தார். அம்மா எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியில் அவரும் சிரித்தார். ஆனால் என் கையை விடவில்லை. நொந்தது, சொன்னேன், அப்போதும் விடவில்லை.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. தேங்காயைத் தரையில் வைத்துவிட்டு வந்து, சித்தப்பாவிடம், “இனி ஹோர்ன் அடிக்காதை,” என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சித்தப்பா இறங்கிக்கொண்டார். அப்பா வீட்டுக்குள் போய்க் குழாயை மூடி, கதவைப் பூட்டி, திரும்பி வரும்போது அம்மாவின் செருப்பைக் கொண்டு வந்தார். வானின் கதவைத் திறந்து, குனிந்து, அதை அம்மாவின் காலடியில் வைத்தார். “நாங்கள் சுத்திப் பாக்கத்தான் போறம்,” என்றார்.

“ஓம், தெரியும்,” என்றார் அம்மா.

ஒன்பதுக்கு முன்பே வான் அசைந்துவிட்டது. சித்திக்கு அதில் பரம திருப்தி.

பயணம் மற்றவர்களின் பயணம் போலத்தான் இருந்தது. டோங்காரிரோவில் மலை முகிலுக்குள் ஒளிந்துகொண்டது. கக்கூசுக்குள்ளிருந்து வெங்காயம் உருண்டு வந்தது. அப்பா லீவிலும் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டே இருந்தார், அம்மா லீவிலும் சமைத்துக்கொண்டே இருந்தார். மவுண்ட் குக் பக்கத்து ஏரிக்கரையில் ஒரு மத்தியானம் அம்மா கட்டிலில் சரிந்து நன்றாகத் தூங்கினார். பை தலைக்கடியில் இருந்தது. அப்பா எங்களை வெளியே கூட்டிப்போய்ச் சத்தம் போடாமல் கல் பொறுக்கச் சொன்னார். மில்ஃபோர்டில் மழை.

பல வருடங்களுக்குப் பிறகு, அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, கனடாவிலிருந்து வந்திருந்தபோது, மேசையில் பயற்றங்காய் முறித்தபடி பழங்கதை கதைத்தார். நாட்டில் போர் வந்து ஊரே கிளம்பி ஓடிய நாள் அது. அயலட்டைச் சனம் முழுக்க ஒரே ட்ராக்டரில். அம்மா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, கிணற்றடியில் பானை கழுவிக்கொண்டிருந்தாராம். “ட்ராக்டர்க்காரன் ஹோர்ன் அடிச்சபடி எடுக்கத் துவங்கிட்டான். இவள் வெறுங்காலோட ஓடி வாறாள். செருப்பெடுக்கத் திரும்பப் பாத்தவள், நான்தான் கையைப் பிடிச்சு இழுத்து ஏத்தினனான். பிறகு எவ்வளவு காலம் அந்த ட்ராக்டர்ப் பெட்டியிலயே சமைச்சு, அதுக்குள்ளேயே படுத்து...” அம்மா நிமிராமல், “இப்ப ஏன் அக்கா அதுகள்,” என்றார். பெரியம்மா பேச்சை மாற்றினார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னால் எழுந்து போகவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை.

அம்மா அந்த வானில் ஏறியது எனக்காக. வேறு எதற்காகவும் இல்லை.

அந்த விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்கியதும், என்ன செய்தாய் என்று எழுதச் சொன்னார்கள். முதல்முறையாக எனக்கு எழுத நிறைய இருந்தது. மலையையும் ஏரியையும் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டு, நல்ல பகுதியை விரிவாக எழுதினேன். எங்கள் வீட்டில் அம்மாவுக்குத்தான் எல்லோரையும் விட ஆசை, ஹோர்ன் அடித்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்து வானில் ஏறிவிட்டார், நாங்கள் சிரித்துச் சிரித்து விழுந்தோம் என்று ஆங்கிலத்தில் எழுதி, வெறுங்காலோடு ஓடும் ஒரு பெண்ணையும் கீழே வரைந்தேன். படத்தில் அவள் வாய் காதுவரை சிரித்தது. ஆசிரியை தங்க நட்சத்திரம் ஒட்டினார். வகுப்பில் என்னை வாசிக்கவும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். வேலையால் வந்து கதிரையில் இருந்தவர், சப்பாத்தோடு கடைசிவரை கேட்டார். படத்தை வாங்கி அந்தப் பெண்ணின் கால்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “வடிவாக் கீறியிருக்கிறாய்,” என்றார். பிறகு எழுந்து போய் அதை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். எல்லோருக்கும் தெரியட்டும் என்று, இன்னும் கொஞ்சம் மேலே ஒட்டச் சொன்னேன். ஒட்டினார்.