தண்டவாளத்தில் வைத்த சந்தனம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து, நோட்டை எடுத்து, மூடி வைத்தே பல வருடங்கள் ஓடிவிட்டன. தவறு என்னுடையது என்பதால் கை வரவில்லை. முருகன் துணையோடு இன்று எழுதிவிடுகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் எலக்ட்ரீசியனாக இருந்தேன். கம்பெனிக்கு மேல்மாடியில் முதலாளியம்மா வீடு. அவர்கள் மகன் வெளிநாட்டுக்குப் படிக்கப் போய், அங்கேயே வேலையில் தங்கிவிட்டார். போகுமுன் ஒரு பெரிய பலகையில் பொம்மை ரயிலுக்குத் தண்டவாளம் போட்டிருந்தார்; தண்டவாளத்தில் வரும் கரண்ட் சக்கரம் வழியே ஏறித்தான் வண்டி ஓடும். சனிக்கிழமை பதினோரு மணிக்கு அவர் போன் செய்வார். அம்மா அதற்கு முன் ரயிலை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள்.

ஆயுத பூஜை முடிந்த சனிக்கிழமை காலை என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஏனுங்க, வண்டி பாலத்துக்கிட்ட நின்னு போச்சுங்க. போன வாரமே அவன், 'அதெதுக்கும்மா, பிரிச்சு யாருக்காச்சும் குடுத்துருங்க'ன்னான். ஓடுதான்னு இன்னைக்கும் கேப்பான். எனக்குப் பொய் சொல்ல வராதுங்க."

என்னோடு மேலே வந்த சேவியர், துணி பின்னும் நிட்டிங் மிஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர், நெல்லைக்காரர். மிஷினுக்கு விடுகிற ஆயிலில் இரண்டு சொட்டு தண்டவாளத்தில் விடச் சொன்னார். நானும் விட்டேன். பஞ்சுத் தூசி ஒட்டி, ஓடின இடத்திலும் வண்டி திக்கியது.

பிறகுதான் மீட்டரை எடுத்தேன். பாலத்தருகே முனையை லேசாக வைத்தால் சைபர். அழுத்திச் சுரண்டினால் பன்னிரண்டு வோல்ட். வயரில் குறையில்லை, மேலே ஏதோ படிந்திருக்கிறது. குனிந்து பார்த்தேன். காய்ந்த சந்தனம். பூஜையன்று எல்லா மிஷினுக்கும் பொட்டு வைத்த கையோடு, இரண்டு தண்டவாளத்துக்கும் வைத்தவன் நானேதான்.

சேவியர் சிரித்துவிட்டார். "அண்ணே, பொட்டு வச்சுப் பொண்ணு மாதிரி ஆக்கிட்டீக. ரயிலு வெக்கப்பட்டு நிக்காம என்ன செய்யும்?"

அம்மா சிரிக்கவில்லை. "சாமிக்கு வெச்ச பொட்டுங்களே. அவன் நல்லா இருக்கோணும்னு வேண்டிட்டு வெக்கச் சொன்னேன். தொடைக்கலாமுங்களா?"

"சக்கரம் படற எடத்துல வெச்சது என் தப்புங்கம்மா. பலகை மேல வெச்சுக்கலாம். முருகன் கோவிச்சுக்க மாட்டாருங்க."

பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சரி, தொடைங்க" என்றார்கள்.

பனியன் துணி நூல் உதிர்க்கும் என்று பாலியஸ்டர் துண்டில் ஸ்பிரிட் நனைத்து, தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடைத்தேன். வண்டியை வைத்ததும் பாலத்தைத் தாண்டிப் போனது. அப்போதே போன் அடித்தது.

"கண்ணு, கேளு சாமி" என்று அம்மா கார்ட்லெஸ் போனைத் தண்டவாளத்தருகே பிடித்தார்கள். நான்கைந்து சுற்று ஓடியது. பிறகு காதில் வைத்துப் பார்த்துவிட்டு, எங்களிடம் மெதுவாகச் சொன்னார்கள்: "அவன் ஒண்ணுமே பேசலீங்க. போனையும் வெக்கல."

மறுபடியும் போனைத் தண்டவாளத்தருகே கொண்டுபோனார்கள்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு: கரண்ட் ஏறும் இடத்தில் எதையும் பூசாதீர்கள், ஆயிலும் வேண்டாம். தவறு உங்களுடையது என்றால் முதலில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இதை நாலு பேருக்குச் சொன்னால் உள்ளபடி சொல்லுங்கள். கேட்பவர் மனம் குளிரட்டும் என்று, கடைசியில் மகன் வந்துவிட்டார் என்று சேர்த்துவிடாதீர்கள். நான் அங்கே வேலை பார்த்தவரை அவர் வரவில்லை.