கைப்பையில் ஒரு மிளகாய்ச் சாஸ்

தீவு நாடொன்றில் அரிமா என்ற ஊரைச் சேர்ந்த வெர்லீனுக்கு விமான நிலையத்தில் பைகளைச் சோதிக்கிற வேலை. இருபத்தெட்டு வருஷமாக எக்ஸ்ரே திரையையே பார்த்தவள். உள்ளே இருப்பது ரொட்டியா, ரம்மில் ஊறிய கருப்புக் கேக்கா என்று சட்டென்று சொல்லிவிடுவாள்.

அந்தக் காலத்தில் அது விமான நிலையமா என்ன, திருவிழா! ஒருத்தர் டொராண்டோ போனால் வழியனுப்ப ஒரு வேன் நிறைய ஆட்கள் வருவார்கள். மேலே கையசைக்கிற மாடம். விமான ஜன்னல் வழியாகப் பார்ப்பவருக்கு அடையாளம் தெரிய, வீட்டுக்கு ஒரு நிறத் துணியை ஆட்டுவார்கள். தம்பி ஓஸ்வின் முதன்முதல் கிளம்பியபோது வெர்லீன் சாப்பாட்டு மேசையின் மஞ்சள் விரிப்பை உருவிக்கொண்டு ஓடினாள். விமானம் புள்ளியாகும்வரை ஆட்டினாள். இரண்டு நாள் தோள்வலி. அடடா, அது என்ன சுகமான வலி!

நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்தன. மாடத்துக்குப் பூட்டு விழுந்தது. செருப்பைக் கழற்று, பெல்ட்டைக் கழற்று. அப்புறம் லண்டனில் எவனோ பாட்டிலில் வெடிமருந்து கொண்டுபோகத் திட்டம் போட்டானாம். பாவிப்பயல்களால் ஊர்ச்சனத்தின் கைப்பையிலிருந்த மிளகாய்ச் சாஸெல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போனது. உயிர் விஷயம், விளையாட முடியாது என்று வெர்லீனுக்குத் தெரியும். ஆனாலும் தூக்கிப் போட்டவளும் அவள்தான், வசவு வாங்கியவளும் அவள்தான்.

இந்த முறை ஓஸ்வின் புற்றுநோயோடு வந்திருந்தான். இன்னொரு பயணத்தை உடம்பு தாங்காது என்று இருவருக்கும் தெரியும். அவன் திரும்பும் நாளில் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் தூங்கும்போதே வேலைக்குக் கிளம்பி வந்துவிட்டாள். இனி வரிசையில் வந்து, கண்மூடித் திறப்பதற்குள் கடந்துபோய்விடுவான்.

திரையில் அவன் பை வந்தது. நடுவே ஒரு பாட்டில். நேற்று அவளே அரைத்து ஊற்றிக் கொடுத்த சாஸ். பைகள் நகரும் பெல்ட்டை நிறுத்திவிட்டு எழுந்து அவனிடம் போனாள்.

"ஏண்டா, பெரிய பெட்டியில வைன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே! காதுல என்ன பஞ்சா?"

"பெட்டியில வெச்சிருந்தா என்னை நிறுத்தியிருப்பியாக்கா?"

வெர்லீன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினாள். அவன் மூடியைத் திறந்து விரலால் தொட்டு நக்கினான்.

"உப்பு கம்மி. உனக்கு இந்த ஜென்மத்துல கைவராது."

"போடா! இத்தனை வருஷம் வழிச்சு வழிச்சுத் தின்னுட்டு பேச்சைப் பாரு." அவன் கன்னத்தை ஒருமுறை தடவினாள். எலும்பு தட்டுப்பட்டது.

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். பாட்டிலை வாங்கித் தொட்டியில் போட்டாள். அவன் பையை மாட்டிக்கொண்டு நடந்தான். வளைவில் நின்று திரும்பிப் பார்த்தான்.

கையுறை மாட்டிய கையைத் தலைக்குமேல் தூக்கி, அவன் மறையும்வரை ஆட்டினாள் வெர்லீன். வரிசை காத்திருந்தது.